பட்டினி வாரம்

லாரியை விட்டு இறங்கிவிட்டால் தனக்கு வீட்டில் என்ன வேலை என்று லாரிக்காரர் ஒருநாளும் யோசித்ததில்லை. முதுகெலும்பு தேய்ந்துபோய், டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இனிமே ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது" என்று சொன்ன பிறகுதான் யோசிக்க நேர்ந்தது. யோசித்துப் பார்த்ததில் ஒரு வேலையும் இல்லை என்று தெரிந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஊரே ஓடிக்கொண்டிருந்தது, அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

எல்லாரையும்விட வேகமாக ஓடியது அவர் மனைவிதான். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தில் பெண்கள் குழு நாற்றங்கால் போட்டிருந்தது. அதற்கு அவள் தலைவி. வனத்துறை குமிழ மர விதை கொடுத்தது, பை கொடுத்தது, பச்சை நிழல்வலையும் சிமெண்டுத் தொட்டியும் போட்டுக் கொடுத்தது. குழுப் பெண்கள் பையில் மண் நிரப்பி விதை ஊன்றிக் கன்றுகளை வளர்க்க வேண்டும். வளர்ந்த கன்றுகளை வனத்துறையே எடுத்துக்கொண்டு, மலைச்சரிவில் தரிசு வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கும். முதல் சில வருஷத்துப் பராமரிப்புக்கு உதவியும் செய்யும். ஒரு பக்கம் வெட்டினால் மறுபக்கம் மரம் நிற்க வேண்டும், வெட்டிய இடத்தில் திரும்ப நட வேண்டும் என்பது நிபந்தனை. பூட்டிக் கிடக்கும் மர அறுவை மில்காரர்கூட, நட்ட மரம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, ரம்பத்துக்கு எண்ணெய் போட ஆரம்பித்துவிட்டதாகப் பேச்சு.

அந்த மில்லுக்கு ஒரு காலத்தில் மலையிலிருந்து மரம் இறக்கியது லாரிக்காரர்தான். யாரும் நடாத மரங்கள். இரண்டு ஆள் கை கோத்துக் கட்டிப்பிடித்தாலும் எட்டாத பருமன். ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். ஒருநாள் மலையைப் பார்த்தால் ஏற்றுவதற்கு ஒன்றும் பாக்கியில்லை. அரசாங்கம் தடை போட்டது, மில்லுக்குப் பூட்டு விழுந்தது. பிள்ளைகள் பஸ் ஏறினார்கள். அவர் மகளும் ஏறினாள். இப்போது தொலைதூர நகரத்தில் துணி ஆலையில் நூல்தூசிக்கு நடுவே நின்றுகொண்டு, ஞாயிற்றுக்கிழமை போனில் இருமிக்கொண்டே பேசுகிறாள்.

"இந்தத் தடவை கன்னு பாஸாயிட்டா வருஷா வருஷம் நமக்குத்தான் ஆர்டராம். நாற்றங்காலுக்கு ஒரு சூப்பர்வைசர் வேணும்னு வனத்துறை ஆபீசரம்மா சொன்னாங்க, படிச்ச பொண்ணா இருக்கணுமாம். நீ வந்துடுடி" என்று தாய் ஒருநாள் போனில் சொன்னாள்.

"முதல்ல பாஸாகட்டும்மா. ஆசையைக் காட்டி மோசம் பண்ணாத."

பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த லாரிக்காரருக்கு அன்றைக்குப் பிடித்த ஆசை. மகள் வளர்ந்த வருஷமெல்லாம் அவர் ரோட்டில் இருந்தார். பல்லு விழுந்ததும் தெரியாது, பரீட்சை எழுதியதும் தெரியாது. இப்போது அவர் வீட்டில் இருக்கிறார், அவள் இல்லை. அவள் வந்துவிட வேண்டும். அதைத் தவிர அவருக்கு வேறு பிரார்த்தனை கிடையாது.

கன்றுகள் முழங்கால் உயரம் தாண்டியதும் ஆபீசரம்மா மோட்டார் சைக்கிளில் வந்தாள். நடுத்தர வயசு, வெயிலில் கறுத்த முகம், சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரி.

"இன்னையிலேர்ந்து நிழல்வலையைச் சுருட்டிடுங்க. தண்ணியைக் குறைச்சு, அப்புறம் நிறுத்திடுங்க. ஒரு வாரம் பத்து நாள் காயணும்."

"ஐயோ, செத்துடாதா?" என்றாள் சோடாக்கண்ணாடி. குழுவில் வாயும் கண்ணாடியும் தடிமனான பெண்மணி அவள். கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது ஆடா ஆளா என்று தெரியாது.

"சாகாது. மத்தியானம் தலை தொங்கும், சாயங்காலம் தூக்கிக்கும். மறுநாள் காலையிலயும் தூக்கலைன்னா மட்டும்தான் தண்ணி. மலையில போய் யாரு தினமும் குடத்தைத் தூக்கிட்டு நிப்பாங்க? இங்கேயே வெயிலைப் பழகணும். அப்பத்தான் தண்டு கெட்டிப்படும், நட்டா பிழைக்கும்."

ஆபீசரம்மா இதற்கு ஏதோ புத்தகப் பெயர் சொன்னாள். குழுப் பெண்கள் அதை அப்போதே மறந்துவிட்டு 'பட்டினி வாரம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"என்னங்க, நாங்க சாப்பாட்டுக்குப் போற நேரம் ஆடு மாடு வராம பாத்துக்கங்க. அது போதும்" என்றாள் மனைவி.

அது போதும் என்ற வார்த்தை லாரிக்காரருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வேலை வேலைதானே. நாற்காலியை நாற்றங்காலுக்குள் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார்.

குமிழங்கன்றுக்கு இலை அகலம். தாகம் எடுத்தால் ஒளிக்கத் தெரியாது. உச்சி வெயிலில் பாத்தி பாத்தியாக இலைகள் தொய்ந்து, தண்டோடு ஒட்டித் தொங்கின. வரிசையாக நிற்க வைத்துத் திட்டிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல நின்றன. லாரிக்காரர் முதல் நாள் பார்த்தார். இரண்டாம் நாள் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள் எழுந்துவிட்டார்.

தொட்டியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. தண்ணீர் இல்லாமல் வாடினால் விதி என்று விடலாம், தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாட விடுவது என்ன நியாயம்? அவர் இந்த ஊருக்கு எத்தனையோ மரம் கொண்டுவந்திருக்கிறார், அத்தனையும் செத்த மரம். உயிரோடு ஒரு இலை அவர் கையை எதிர்பார்த்து நிற்பது இதுதான் முதல் தடவை.

குளிக்கிற மக்கை எடுத்தார். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத பின்பாத்திகளுக்குப் போனார். குனிந்தால் முதுகு விண்ணென்று தெறிக்கும், அதனால் ஒரு கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு பைக்கும் கொஞ்சமாகச் சாய்த்தார்.

"ஒரு வாய். ஒரே ஒரு வாய். யார்கிட்டயும் சொல்லாத" என்றார் கன்றிடம்.

பெண்கள் திரும்பி வருவதற்குள் வெயில் மேல்மண்ணைக் காயவைத்துவிட்டது. அவரும் நாற்காலியில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். மறுநாளும் ஒரு வாய். அதற்கு மறுநாளும். பின்பாத்திக் கன்றுகள் மட்டும் தளதளவென்று வந்தன. மனைவிக்கு ஆச்சரியம். "பின்பாத்திப் பையில போட்ட மண்ணு நல்ல மண்ணுங்க" என்று வீட்டில் வந்து சொன்னாள். லாரிக்காரருக்கு அன்று சோறு இரண்டு கவளம் அதிகமாக இறங்கியது.

ஆபீசரம்மா பார்வையிட வந்த அன்று தலைவி என்ன செய்தாள் தெரியுமா? பின்பாத்தியிலிருந்து செழிப்பான கன்றுகளாகப் பொறுக்கி எடுத்து வாசல் பக்கம் முதல் வரிசையில் அடுக்கி வைத்தாள். பெண்களெல்லாம் தலை சீவிக்கொண்டு வந்திருந்தார்கள். லாரிக்காரர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்.

ஆபீசரம்மா முதல் கன்றின் தண்டைப் பிடித்து மெதுவாக வளைத்தாள். பிஞ்சு பீன்ஸ் மாதிரி டப்பென்று ஒடிந்தது. அடுத்ததை வளைத்தாள். அதுவும் அப்படியே. கத்தரியால் ஒரு பையைக் கிழித்து அடிமண்ணைப் பிசைந்து பார்த்தாள். விரலில் சேறு ஒட்டியது. அப்புறம் உள்ளே போய் ஒவ்வொரு பாத்தியாக வளைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"தண்ணி விட்டிருக்கீங்க."

"இல்லவே இல்லைங்க மேடம்" என்றாள் தலைவி.

"மண்ணு பொய் சொல்லாதும்மா. முன்பாத்தியெல்லாம் நல்லா இருக்கு. பின்பாத்தி முழுக்கப் பச்சைத்தண்டு. மலையில வச்சா மூணு நாள் தாங்காது. பாதியை மட்டும் எடுத்துட்டுப் போனா நான் மேல என்ன பதில் சொல்றது?" வானத்தை அண்ணாந்து பார்த்தாள். "மழைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கு. நுனியைக் கிள்ளி, அடி இலையை எடுத்துட்டு, மறுபடி காயப் போடுங்க. மழை விழுறதுக்குள்ள தேறிட்டா உங்களோடது. முந்தி மழை வந்து நனைச்சிடுச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மெயின் ரோட்டு நர்சரிக்குத்தான் ஆர்டர் போகும்."

மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போனது. பிறகு எல்லாருடைய கண்ணும் ஒரே இடத்துக்குத் திரும்பியது. பின்பாத்தி சோடாக்கண்ணாடியின் பொறுப்பு.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றாள் அவள். "எனக்குக் கண்ணுதான் தெரியாது. காது நல்லாத்தான் கேக்கும். தண்ணி விடாதன்னு சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

"அப்ப யாரு விட்டது, வானமா?" என்றாள் ஒருத்தி.

"பாவம் பாத்து விட்டிருப்பா. அவதானே செத்துடாதான்னு கேட்டவ" என்றாள் இன்னொருத்தி.

சோடாக்கண்ணாடி கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். லாரிக்காரர் வாயைத் திறந்தார். அந்தக் கூட்டத்தின் நடுவில் மனைவி தலைகுனிந்து நிற்பதைப் பார்த்ததும், திறந்த வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

சாயங்காலம் மனைவி அடுப்படியில் உட்கார்ந்து அவித்த கிழங்கை உரித்தாள். அவள் கை மட்டும்தான் வேலையில் இருந்தது.

"அவளைக் குழுவை விட்டு எடுக்கணும்கிறாங்க. நாளைக்குக் காலையில கூட்டம். நான்தான் சொல்லணுமாம். புருஷன் இல்லாதவ, இதை விட்டா அவளுக்கு என்ன இருக்கு? ஆனா செஞ்சிட்டு இல்லைன்னு சாதிக்கிறாளே, அதுதாங்க எனக்கு ஆறலை."

லாரிக்காரர் கையில் எடுத்த கிழங்கைத் தட்டில் திரும்ப வைத்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மகள்.

"அப்பா, என்ன ஆச்சு? பாஸா?"

"அது... இன்னும் கொஞ்ச நாள் ஆகும்மா."

"ஏன், என்னாச்சு? யார் என்ன பண்ணாங்க?"

வெறும் கேள்விதான். ஆனாலும் அவர் "அம்மாகிட்ட பேசு" என்று போனை நீட்டிவிட்டு முகம் கழுவப் போனார். முகத்தில் விட்ட தண்ணீரும் அவருக்கு அன்று கசந்தது.

காலையில் கூட்டம் தொட்டியடியில். சோடாக்கண்ணாடி தள்ளி, தனியாக உட்கார்ந்திருந்தாள். தலைவி தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாருக்கும் தெரியும், நேத்து நடந்தது..." என்று ஆரம்பித்தாள்.

"நான்தான்" என்றார் லாரிக்காரர்.

அவர் வந்ததையே யாரும் பார்க்கவில்லை. கையில் அந்த மக் இருந்தது.

"நான்தான் விட்டேன். தினமும் மத்தியானம், நீங்க சாப்பிடப் போனதும். இதாலதான். வாடிக் கிடந்துச்சு, மனசு கேக்கலை. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நேத்தே சொல்லியிருக்கணும், சொல்லலை. தப்பு. ரெண்டுமே தப்பு."

தலைவி அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. யாரோ வழிப்போக்கரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். சோடாக்கண்ணாடி எழுந்து அவர் முகத்துக்கு வெகு அருகில் வந்து, கண்ணாடியை மேலே தள்ளி உற்றுப் பார்த்தாள்.

"அண்ணே, நேத்து நான் சோறு பொங்கலை. தெரியுமா?"

"மன்னிச்சிடும்மா."

"உங்களுக்கு அவ்வளவு ஈர மனசா இருந்தா என் வீட்டுத் தொட்டியில ஊத்தியிருக்கலாமே. நாலு நாளா குழாய்ல தண்ணி வரலை."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை. தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்டுவது என்று முடிவாயிற்று. சாவி யாரிடம் இருப்பது?

"அண்ணன்கிட்டயே குடுங்க" என்றாள் சோடாக்கண்ணாடி. "நிஜமாத்தான் சொல்றேன். தண்ணி விட்டா என்ன ஆகும்னு நமக்கெல்லாம் ஆபீசரம்மா சொல்லித்தான் தெரியும். இவரு செஞ்சு பாத்துட்டாரு. இனிமே கழுத்தை அறுத்தாலும் திறக்க மாட்டாரு."

தலைவி சாவியை நேராக அவர் கையில் கொடுக்கவில்லை. நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போனாள். அவர் அதை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே இல்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. வேலை கிடந்தது. பெண்கள் பின்பாத்திக் கன்றுகளின் நுனியைக் கிள்ளினார்கள், அடி இலைகளைக் கழித்தார்கள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுப் பரப்பி வைத்தார்கள். அவர் உட்கார்ந்த வாக்கிலேயே பைகளைத் திருப்பி வைத்தார். ஆட்டை விரட்டினார். மத்தியானம் இலைகள் தொங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். முன்பெல்லாம் தலை தொங்கினதும் எழுந்துபோய் ஊற்றிவிட்டு, பெண்கள் வந்ததும் வீட்டுக்குப் போய்விட்டதால், சாயங்காலம் அது தானாகத் தூக்குவதை அவர் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தார். வெயில் சரிந்ததும் ஒவ்வொரு இலையாக, யாரும் கூப்பிடாமலே எழுந்தது. அட, உனக்கே தெரியுமா என்று அவருக்கு வியப்பாக இருந்தது. தான் ஊற்றியதெல்லாம் கன்றுக்காக இல்லை, தனக்காகத்தான் என்று அப்போது புரிந்தது. புரிந்ததும் வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

மேற்கே மேகம் கூட ஆரம்பித்தது. மழை வாசனை வந்தது, மழை வரவில்லை. அதற்குப் பதிலாகப் புழுக்கம் வந்தது. ஒருநாள் அனல் காற்று சுழன்று அடித்தது. நாய்கள்கூட ஓட்டுக்கூரை நிழலை விட்டு நகரவில்லை. பின்பாத்தி முழுக்கச் சுருண்டுவிட்டது. இலை தொங்கியது மட்டுமில்லை, ஓரமெல்லாம் முறுகியது.

சாப்பிடப் போன மனைவி பாதியில் திரும்பி வந்தாள். பாத்தி ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு இலையை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னங்க" என்றாள்.

அத்தனை நாளுக்கப்புறம் அந்த ஒரு வார்த்தை. லாரிக்காரருக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது.

"சொல்லு."

"சாவியைக் குடுங்க."

"எதுக்கு?"

"பாத்தாத் தெரியலை? சாயங்காலம் வரைக்கும் தாங்காதுங்க. போச்சுன்னா எல்லாம் போச்சு. அவ அங்க இருமிக்கிட்டுக் கிடக்கிறா. ஒரு வாய் மட்டும் விடலாம். ஒரே ஒரு வாய்."

"ஒரு வாய்னுதான் நானும் ஆரம்பிச்சேன்."

"உங்க மேல இருக்கிற கோவத்துல கேக்கலைங்க. நெஜமாவே பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் பயம் இல்லையா?" அவர் கை தானாகவே இடுப்புச் சாவிமேல் போய் நின்றது. "காலையில தலை தூக்கலைன்னா நானே திறக்கிறேன். அதுவரைக்கும் நீ அடிச்சாலும் குடுக்க மாட்டேன்."

"பிள்ளை வர வேண்டாமா உங்களுக்கு?"

"வரணும். அதுக்குத்தான்."

அவள் அங்கேயே, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் வாடிய கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு அடுப்படியில் ஆறிப்போனது. வெயில் தாழ்ந்தது. முன்பாத்தி எழுந்தது. பின்பாத்தி எழவில்லை.

விடிந்தும் விடியாமலும் லாரிக்காரர் போனார். நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்ததால் பாத்தி வரை தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பிறகு நிமிர்ந்தார். ஓரத்து இலைகள் சில கருகியிருந்தன. மீதி அத்தனையும் தலை தூக்கி நின்றன. ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்தார். அடியில் பச்சை போய் மரநிறம் ஏறியிருந்தது. வளைத்தார். வளைந்தது, விட்டதும் விசுக்கென்று நிமிர்ந்து அவர் விரலில் அடித்தது.

"ஏ, இங்க வா! சீக்கிரம் வா!" என்று ஊரே எழும்படி கத்தினார்.

அவள் அள்ளி முடியாத தலையோடு ஓடி வந்தாள். பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நேத்து மட்டும் நீங்க சாவியைக் குடுத்திருந்தீங்கன்னா..." என்றாள், முடிக்கவில்லை.

மறுநாள் ஆபீசரம்மா வந்து, முன்வரிசையை விட்டுவிட்டு நேராகப் பின்பாத்திக்குப் போனாள். நாலைந்து தண்டை வளைத்தாள். கத்தரியைச் சட்டைப்பையை விட்டு எடுக்கவே இல்லை. "லாரி எப்ப அனுப்பட்டும்?" என்று கேட்டாள். சோடாக்கண்ணாடி சந்தோஷத்தில் ஆபீசரம்மாவைக் கட்டிப்பிடிப்பதாக நினைத்து நிழல்வலைக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தாள் என்று குழுவில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவள் இல்லை என்கிறாள்.

முதல் மழை அந்த வாரக் கடைசியில் இறங்கியது. மலை நனைந்த மறுநாள் லாரி புறப்பட்டது. ஓட்டியவன் வயசுப் பையன், வளைவில் மிதித்தான். பக்கத்து சீட்டில் இடுப்புப் பட்டையோடு உட்கார்ந்திருந்த லாரிக்காரர், "தம்பி, மெதுவா போ. பின்னால இருக்கிறது கட்டையில்லை, உசிரு" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். அதே ரோடு. முன்பெல்லாம் ஏறும்போது காலி, இறங்கும்போது பாரம். இப்போது பாரத்தோடு ஏறுகிறார். அது நினைவுக்கு வந்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தார்.

சரிவில் பழைய அடிக்கட்டைகள் பாசி பிடித்துக் கிடந்தன. நடுநடுவே புதுக்குழிகள். பெண்கள் பையைக் கிழித்து, கன்றை இறக்கி, மண்ணை மிதித்துக்கொண்டே போனார்கள். மகளும் இருந்தாள். முதல்நாள்தான் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சேற்றில் கால் புதைய, யாருக்கு எத்தனை கன்று என்று அதட்டிப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருமல் இன்னும் இருந்தது. ஆனால் இருமலுக்கு நடுவே சிரிப்பும் இருந்தது.

மத்தியானம் மேகம் கலைந்து வெயில் அடித்தது. மனைவி லாரியிலிருந்து ஒரு வாளியைத் தூக்கி வந்து அவர் காலடியில் வைத்தாள். உள்ளே அந்த மக் மிதந்தது.

"நடும்போது ஒரு தடவை விடணுமாம். ஆபீசரம்மா சொல்லிட்டாங்க. இப்ப ஊத்துங்க."

லாரிக்காரர் மக்கை எடுத்தார். தொடையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்தார். கன்றின் தூரில் மெதுவாகச் சாய்த்தார். மண் சளக்கென்று உறிஞ்சியது. இன்னும் கொஞ்சம் சாய்த்தார். இன்னும் கொஞ்சம்.

"அப்பா, போதும்ப்பா!" என்று மேலேயிருந்து கத்தினாள் சூப்பர்வைசர்.

"ஒரு வாய்ம்மா" என்றார் அவர். "இதோட சரி."